மடலேற்றமும் மௌனமும்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், செம்மண் மேடுகளும் முந்திரிக் காடுகளும் சூழ அமைந்திருக்கும் கந்தர்வக்கோட்டை முன்னொரு காலத்தில் ஜமீன் ஊராக விளங்கியது. 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது, அது தஞ்சை ஜில்லாவை விட்டுப் புதிய மாவட்டத்தில் வந்து சேர்ந்தது. இத்தகைய ஊர்களில் ஆராய்ச்சிக்குரிய விஷயத்தைத் தேடுவோர் பெரும்பாலும் கல்வெட்டையும் கோயிலையும் ஏரிப் பாசனத்தையும் நாடிச் செல்வார்கள். நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயமோ அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதன்று. காதல்வயப்பட்ட ஓர் இளைஞன் தன் அச்சத்தையும் ஏக்கத்தையும் தோல்வியையும் தான் காதலிக்கும் பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடுமா, சொன்னபின் அவளிடத்திலும் ஊராரிடத்திலும் அவனுக்குரிய மரியாதை குறையாமல் நிற்குமா என்பதே அது.

ஆண்மகன் அழக்கூடாது என்று இந்நாட்டில் ஒரு விதி இருப்பதாகப் பலரும் சொல்கிறார்கள். அது முற்றும் உண்மையன்று. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜா புயல், நாகையையும் திருவாரூரையும் தஞ்சையையும் கடந்து இப்பகுதிக்கும் வந்து, தலைமுறை தலைமுறையாகக் காய்த்துக்கொண்டிருந்த தென்னையையும் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனபோது, விழுந்த மரத்தினருகே நின்று குரலெடுத்து அழுத விவசாயிகளைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. அவர்களை ஒருவரும் பேடியர் என்று சொல்லவில்லை. தகப்பனாருக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும் மகன் அழுவதையும் எவரும் எள்ளுவதில்லை. ஆகவே ஆணின் கண்ணீருக்கு இங்கே அனுமதி உண்டு. ஆனால் சாவுக்காகவும் சொத்துக்காகவும் மட்டுமே உண்டு. ஒரு பெண்ணின் பொருட்டு அவன் கலங்கினால்தான், ‘ஆம்பளப் புள்ள அழுவலாமாடா?’ என்ற கேள்வி நாலாபுறத்திலிருந்தும் எழுகிறது. மரம் விழுந்தால் அழலாம், மனம் விழுந்தால் அழலாகாது என்ற இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அது நாம் அநாதியானதென்று எண்ணும் அளவுக்குப் பழமையானதன்று என்பது தெரியவருகிறது.

சங்க காலத்து அகப்பொருள் இலக்கணத்தை இவ்விஷயத்தில் ஒரு சமூக ஆவணமாகவே படிக்கலாம். களவொழுக்கத்தில் தலைவன் தன் நிலையை முதலில் சொல்வது தோழனாகிய பாங்கனிடம். பாங்கன் உடனே அனுதாபம் காட்டுவதில்லை. உன் அறிவும் நிறையும் எங்கே போயின என்று கடிந்துரைக்கிறான். அதைப் பாங்கன் கழறல் என்று ஒரு துறையாகவே வகுத்தார்கள். கடிந்துகொண்டதோடு நில்லாமல், தலைவனின் மறுமொழியைக் கேட்டு, அவன் குறித்த இடத்திற்குத் தானே சென்று, தலைவியைக் கண்டு திரும்பி வந்து, தான் கடிந்தது தவறென்று ஒப்புக்கொள்ளும் கடமையும் அந்தப் பாங்கனுக்கு உண்டு. குறுந்தொகையின் 58-ஆம் பாட்டு இத்தகைய ஒரு தலைவன் தன் பாங்கனுக்குச் சொல்லும் மறுமொழி. அதைப் பாடியவர் வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவர். ஓர் ஆணின் மிக அந்தரங்கமான கையறு நிலைக்கு ஒரு பெண் குரல் கொடுத்தாள், அதைத் தொகுப்பில் சேர்த்தவர்கள் அதில் இழுக்கு ஒன்றும் காணவில்லை என்பது, நம் காலத்து மீசை முறுக்கல்களுக்கெல்லாம் முந்தைய வரலாறு.

இதற்கு அடுத்த படி மடல். பனங்கருக்கினால் குதிரை செய்து, எருக்கம்பூவும் ஆவிரம்பூவும் சூடி, காதலியின் உருவெழுதிய படத்தைக் கையிற் பிடித்து, ஊர்த்தெருவில் இழுபட்டுச் செல்வதாகிய மடலேற்றம், ஆண் ஒருவன் தன் மானத்தைப் பொது வீதியில் கழற்றி வைக்கும் செயல். திருக்குறள் நாணுத்துறவுரைத்தல் என்று ஓர் அதிகாரத்தையே இதற்கு ஒதுக்கியிருக்கிறது. தொல்காப்பியம் இங்கே காட்டும் நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மடலேறுவேன் என்று தலைவன் சொல்வது வரையில் அது அன்பின் ஐந்திணைக்குள் அடங்கும். சொன்னபடி ஏறியே விட்டால் பெருந்திணையாகி, பொருந்தாக் காமத்தின் பாற்படும். பெண்ணுக்கோ மடலே விலக்கப்பட்டது. அந்த அநீதியை இங்கே மறைப்பதற்கில்லை. ஆயினும், தன் பலவீனத்தை உரைப்பது வேறு, அதைக் காட்டி ஒரு பெண்ணையும் அவளுடைய சுற்றத்தையும் பணியவைப்பது வேறு என்று அந்த இலக்கணம் கோடு கிழித்தது. கையைக் கீறிக்கொண்டு அதைப் படம் பிடித்து அனுப்புகிறவனும், ‘நீ இல்லேன்னா செத்துடுவேன்’ என்று நள்ளிரவில் செய்தி அனுப்புகிறவனும், பேருந்து நிறுத்தத்தில் அவளுடைய தோழிகள் எதிரே மண்டியிடுகிறவனும் தங்கள் மனத்தைத் திறப்பதாகவே நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் செய்வது மடலேற்றம். எதிரில் நிற்கும் பெண்ணுக்கு மறுக்கும் சுதந்திரத்தை விட்டுவைக்காத கண்ணீர், எவ்வளவு மெய்யான கண்ணீராயினும், பலாத்காரத்தின் வகையைச் சேர்ந்ததுதான்.

நம் காலத்தில் இந்த மடலுக்குப் பனங்கருக்கு வேண்டியதில்லை, சினிமா போதும். சரத் சந்திரர் 1917-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி 1953-இல் தமிழுக்கு வந்த ‘தேவதாஸ்’ படம் நமக்கு ஒரு மாதிரி புருஷனைக் கொடுத்தது. அவன் தகப்பனாருக்கு எதிரே ஒரு வார்த்தை பேசவேண்டிய வேளையில் பேசாமலிருந்துவிட்டு, பேச்சால் இனி ஆவது ஒன்றுமில்லை என்ற நிலை வந்தபின் குடிக்கத் தொடங்கினான். அவனுடைய குற்றம் கோழைத்தனம் என்பதை அடுத்து வந்த கதாசிரியர்கள் பலர் மறந்து, அவனுடைய குடியையும் தாடியையும் மாத்திரம் எடுத்துக்கொண்டார்கள். 2011-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியாகி, மொழி தெரியாதவர்களும் பாடித் திரிந்த ‘கொலவெறி’ப் பாட்டு, காதலில் தோற்றவனுக்கு ‘சூப் பாய்’ என்ற பெயரை நாடெங்கும் பரப்பியது. இவ்வகைப் பாட்டுகளில் ஆண் அழுகிறான். ஆனால் தன்னை விட்டுச் சென்றவளிடம் அழுவதில்லை. தன்னையொத்த நான்கு ஆண்களை வைத்துக்கொண்டு, ஒரு புட்டியையும் வைத்துக்கொண்டு, அவளைப் பொதுவாகப் பெண் வர்க்கத்தோடு சேர்த்து ஏசிக்கொண்டே அழுகிறான். பாங்கன் இருந்த இடத்தில் இப்போது ‘மச்சான்’ இருக்கிறான். அவன் கடிவதுமில்லை, போய்ப் பார்த்து வருவதுமில்லை. ‘விடு மச்சான், வேற பொண்ணா இல்ல?’ என்று சொல்லி டாஸ்மாக்கிற்கு அழைத்துப் போகிறான். இதைத் தோழமை என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை.

மடலேறாதவர்களுடைய மார்க்கம் மௌனம். இந்த வட்டாரத்து ஆண்களில் கணிசமானோர் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ பிழைக்கப் போனவர்கள். அங்கே ஒரே அறையில் பலரோடு படுத்து, வெயிலிலும் கடனிலும் நாளைக் கழித்துக்கொண்டு, இரவில் கைப்பேசித் திரையில் மனைவியோ காதலியோ முகம் காட்டியவுடன் ‘நல்லா இருக்கேன்’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழகியிருக்கிறார்கள். அவள் அதை நம்புவதில்லை; நம்பாததைக் காட்டிக்கொள்வதுமில்லை. அன்பினால் நிகழும் இந்தப் பரஸ்பர ஏமாற்று, வருஷக்கணக்கில் நீடிக்கும்போது, இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியராகிவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியல் அறிஞர், 1986 முதற்கொண்டு தம்பதிகளை ஒரு குடியிருப்பு போன்ற ஆய்வுக்கூடத்தில் அமர்த்தி, அவர்கள் வாதாடும்போது நாடித்துடிப்பு முதலியவற்றை அளந்து பார்த்தார். பேச்சின் நடுவே முகத்தைத் திருப்பிக்கொண்டு மதில்போல் உட்கார்ந்துவிடுகிறவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் ஆண்கள் என்று அவர் கண்டார். அலட்சியம் போல வெளியே தெரிந்த அந்த மௌனத்தின் உள்ளே இருதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பிரிவில் முடியும் உறவுகளை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் மிகக் கொடியது சண்டையோ கோபமோ அன்று, இகழ்ச்சி என்பதும் அவருடைய முடிவு. மௌனமும் மரியாதையும் ஒரே நரம்பில் கட்டப்பட்டிருக்கின்றன என்பது இதனால் தெரிகிறது: இகழப்படுவோமோ என்ற பயத்தினால் ஆண் வாயை மூடுகிறான், அவன் வாயை மூடுவதையே இகழ்ச்சியாகப் பெண் கொள்கிறாள்.

இந்த மௌனத்துக்கு நாடு கொடுக்கும் விலையைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் காணலாம். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். தமிழ்நாட்டில் மட்டும் மாண்டவர் தொகை 19,834, மஹாராஷ்டிரத்திற்கு அடுத்த இடம். காரணங்களில் குடும்பப் பிரச்சினையும் நோயுமே முதன்மையானவை. காதல் விவகாரம் என்று பதிவானவை நூற்றுக்கு நான்கைந்துதான். ஆனால் கடன், குடி, குடும்பம் என்று தனித்தனித் தலைப்பில் எழுதப்பட்டிருப்பவற்றுள், எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த துயரம் எத்தனை என்பதைப் பிரித்துக் காட்டும் பத்தி எந்தப் படிவத்திலும் கிடையாது. சென்னையில் டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் 1986-இல் ‘ஸ்நேகா’வைத் தொடங்கியபோது, முன்பின் தெரியாத ஒருவரிடம் தொலைபேசியில் மனத்தைக் கொட்டுவது என்பதே நமக்குப் புதுமை. இன்று அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகலாக இயங்குகிறது. எண் இருக்கிறது, அழைப்பதற்கு வேண்டிய பழக்கம்தான் கந்தர்வக்கோட்டையின் டீக்கடை பெஞ்சுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மரியாதை என்ற பக்கத்துக்கு இனி வருவோம். இதற்கு நான் வெளியூர் உதாரணம் தேடவேண்டிய அவசியமில்லை. புதுக்கோட்டைச் சமஸ்தானமே அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் இரண்டு விவாகங்களை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்களுக்கென்றிருந்த மகாராஜா கல்லூரியில் படித்து, 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி, 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது ஒரு நிபந்தனை விதித்தார்: தன்னைச் சமமாக மதிக்கவேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது. சுந்தர ரெட்டி இணங்கினார். இந்தச் சம்பவத்தை எழுதுகிறவர்கள் எல்லோரும் நிபந்தனை விதித்தவரின் தைரியத்தைப் போற்றுகிறார்கள், அது போற்றத்தக்கதே. நான் சற்று நேரம் நின்று பார்க்க விரும்புவது இணங்கினவரின் பக்கத்தை. தாமும் ஒரு வைத்தியர், அக்கால வழக்கப்படி சீரும் சம்பிரமமுமாகச் சொன்னபடி கேட்கும் ஒரு பெண்ணை எளிதில் மணந்திருக்கக்கூடியவர், பொதுவாழ்வில் தம்மைவிடப் புகழ்பெறப் போகிற ஒரு ஸ்திரீயின் கணவர் என்று அறியப்படுவதற்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். சென்னைச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினராகவும் துணைத் தலைவராகவும் அவர் மனைவி அமர்ந்த நாட்களில், ஊர் வாய் அவரைப் பற்றி என்ன சொல்லியிருக்கும் என்பதை ஊகிக்க நமக்குச் சிரமமில்லை. ஆண் தன் மனத்தைத் திறப்பது என்றவுடன் அழுகையையும் பிதற்றலையுமே நாம் நினைக்கிறோம்; தன் அதிகாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் ஒரு சொல்லும் அவ்வகையில் சேரும், அதுவே அதில் அருமையானதும்கூட.

மறு வருஷம், 1915 ஆகஸ்டு 10-ஆம் தேதி, சமஸ்தானத்தின் மன்னரான மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மெல்போர்ன் நகரில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். ஆங்கில அரசாங்கம் அவளை ராணியாக அங்கீகரிக்க மறுத்தது; தம்பதிகள் புதுக்கோட்டையில் சில மாதங்களே தங்க முடிந்தது; 1916-இல் பிறந்த மகனுக்குப் பட்டத்து உரிமை கிட்டவில்லை. ராஜா ஆட்சியைத் தம் சகோதரரிடம் விட்டு வெளிநாட்டிலேயே வாழ்ந்து, 1928-இல் பாரிஸில் காலமானார். பட்டத்துக்கு ஆறு வயதுச் சிறுவன் ராஜகோபாலத் தொண்டைமான் தேர்ந்தெடுக்கப்பட்டான். இவரைத் தியாகியென்று கொண்டாட நான் முன்வரமாட்டேன். தூர தேசத்தில் சுகமாக வாழ்வதற்கு வேண்டிய பணமும் அவருக்கு இருந்தது, அந்தப் பணம் குடிகளுடையது. இருந்தாலும், அரசன் ஒருவன் பல பெண்களை வைத்திருந்தால் அது ராஜ லக்ஷணம் என்று கண்டுகொள்ளாத அதே உலகம், அவன் ஒருத்தியை மணந்து அவளுக்குரிய கௌரவம் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றபோது அதைப் புத்தி மயக்கம் என்று தீர்ப்பளித்தது கவனிக்கத்தக்கது. ஆணின் காமத்தை ஊர் மன்னிக்கும். அவனுடைய பற்றுதலை மன்னிப்பதற்கு யோசிக்கும். சட்டமும் இப்படித் தயங்கியதுண்டு. அதே 1928-இல்தான் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார்; புரோகிதரில்லாத அத்தகைய விவாகங்களுக்குச் சட்ட மதிப்புக் கிடைக்க 1967-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வரையில் காத்திருக்கவேண்டியிருந்தது.

பெண்ணின் நிலையிலிருந்தும் இதைப் பார்க்காவிட்டால் விசாரணை ஒருதலைப் பட்சமாகிவிடும். கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் பெல் ஹுக்ஸ், 2004-இல் வெளியான தம் நூலொன்றில், தம்மோடு வாழ்ந்தவரை மனம்விட்டுப் பேசும்படி ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த தாமே, அவர் பேசத் தொடங்கியபோது அதைத் தாங்கமுடியாமல் தவித்ததை ஒளிக்காமல் எழுதுகிறார். நம் ஊர்ப் பெண்களும் இதில் வேறானவர்கள் அல்லர். தனிமையில் ‘டா’ போட்டு அழைத்துச் சிரிக்கிறவள், அவன் நண்பர்கள் எதிரே ‘என்னங்க’ என்று மாற்றிக்கொள்கிறாள். அவன் வேலை போன செய்தியைச் சொன்ன அன்று, அவளையும் அறியாமல் குரலில் ஓர் இறக்கம் வந்துவிடுகிறது. இதை அவளுடைய குற்றம் என்று தள்ளிவிடக் கூடாது. கணவனுடைய திடத்தைத் தவிர வேறு பாதுகாப்பு எதுவும் இல்லாதபடி பெண்களை நெடுங்காலம் வைத்திருந்த சமூகம், அந்தத் திடம் ஆடும்போது அவர்கள் பதறுகிறார்கள் என்று எப்படிக் குறை சொல்லும்? தனக்கென்று கால் உள்ளவளுக்குத்தான் பிறர் தடுமாற்றத்தைப் பொறுமையோடு பார்க்க முடியும். 1991-ஐ ஒட்டி இம்மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில் அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்துப் பல்லாயிரம் கிராமத்துப் பெண்களைச் சாலைக்குக் கொண்டுவந்தது. அன்று அவர்களைக் கேலி செய்த ஆண்கள் உண்டு. தண்ணீர்க்குடத்தையும் குழந்தையையும் விளைபொருளையும் தானே ஏற்றிக்கொண்டு போகக் கற்ற அந்தப் பெண்களின் பெண்மக்களும் பேத்திகளும் இன்று கல்லூரிப் பேருந்தில் ஏறுகிறார்கள். அவர்கள் ஓர் இளைஞனிடம் எதிர்பார்ப்பது தாங்குவதற்கு ஒரு தூணையன்று. இந்த மாற்றத்தை அவர்களுடைய பெற்றோரைவிட, அந்த இளைஞர்களே தாமதமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மடலுமன்றி மௌனமுமன்றி வேறு வழி உண்டா என்று கேட்பவர்களுக்குப் புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களைச் சுட்டுவேன். கதைகளில் எவரையும் ஈவிரக்கமின்றிக் குத்திக் கிழித்த மனிதர், ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற தலைப்பில் பின்னாளில் நூலான அக்கடிதங்களில், பணமுடையும் பிரிவும் நோயும் சூழ நின்ற ஒரு சாதாரணக் கணவராக இருக்கிறார். 1948-இல் அவர் காலமாகும் வரையில் அந்தக் குடும்பத்துக்கு வசதி வாய்த்ததில்லை. தம்முடைய இயலாமையை அவர் மனைவியிடம் மறைத்து வீரம் பேசவுமில்லை, அதைக் காட்டி அவரைப் பணியவைக்கவுமில்லை. திரு.வி.க. 1918-இல் மனைவியை இழந்தபின் மறுமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்து, 1944-இல் ‘வாழ்க்கைக் குறிப்புக்கள்’ எழுதியபோது, அந்த அம்மையாரிடமிருந்து தாம் கற்றதை வெட்கமின்றிச் சொன்னார். இவர்களுடைய ஆண்மைக்கு இதனால் எந்தக் குறைவும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. கடிதம் எழுதுகிறவனுக்கு யோசிக்க நேரம் இருந்தது, படிக்கிறவளுக்கும் இருந்தது. நீல நிறக் குறி விழுந்து இரண்டு நிமிஷத்துக்குள் மறுமொழி வராவிட்டால் ‘பிளாக் பண்ணிட்டாளோ’ என்று துடிக்கும் இன்றைய இளைஞனுக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை; கமிட் ஆவதும் பிரேக்-அப் ஆவதும் ஒரே பருவத்தேர்வுக்குள் நடந்து முடிகின்றன.

இவ்வளவும் எழுதியபின் ஒரு விஷயம் எஞ்சி நிற்கிறது. அதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியவற்றுக்கு மதிப்பில்லை. 2008-ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில் கந்தர்வக்கோட்டைச் சட்டமன்றத் தொகுதி பட்டியல் வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது. அந்த வகுப்பில் பிறந்த ஓர் இளைஞன் வேறு சாதிப் பெண்ணிடம் மனத்தைத் திறப்பானேயானால், அவன் பணயம் வைப்பது நண்பர்களிடையே உள்ள கௌரவத்தை அன்று. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13-ஆம் தேதி பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, காதலித்து மணந்த மனைவியின் கண்ணெதிரே ஓர் இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டதைக் காமிராப் பதிவில் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. அப்படிப்பட்ட ஆபத்தில் நிற்கிறவனைப் பார்த்து, வெட்கத்தை விட்டுப் பேசு, உன் பயத்தைச் சொல் என்று உபதேசிக்க எழுத்தாளனுக்கு அருகதையில்லை. அவனுடைய மௌனத்துக்குக் காரணம் வெட்கமன்று. 2018 மார்ச் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில் அளித்த தீர்ப்பு, கௌரவக் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளரும் சமூகநல அலுவலரும் ஆதிதிராவிடர் நல அலுவலரும் கொண்ட தனிப் பிரிவு அமைக்கவேண்டும், இருபத்துநான்கு மணி நேரமும் புகாரைக் கேட்க ஏற்பாடு வேண்டும், அஞ்சி வரும் இணையருக்குப் பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது. காதலிக்கிற பிள்ளைகளைப் பற்றி இந்த வட்டாரத்தில் பேசப்படும் பேச்சுகளில், இந்தத் தீர்ப்பைப் பற்றிய பேச்சுதான் எல்லாவற்றிலும் குறைவு.